நாயினப் பெருக்கமும் நம் கடமையும்

நாயை நன்றியுள்ள பிராணி என்று புகழாதார் நம் நாட்டில் இல்லை. அந்நாய்க்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்று எண்ணிப் பார்ப்போரோ சிலரே. உணவும் உறையுளும் அளித்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், நாய்களை இணை சேர்த்துக் குட்டிகளைப் பிறர்க்கு அளிப்போர்க்கு அதனினும் பெரிய கடன் ஒன்றுண்டு. அஃது இனிப் பிறக்கவிருக்கும் உயிர்க்குச் செய்யவேண்டிய கடனாகும். இதனை யாம் எம் சொந்தப் பிழையினாலேயே கற்றோம்.

எம் ஊராகிய போளூர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. எம் இல்லத்தில் அல்சேஷியன் என்று வழங்கும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துப் பெண்நாய் ஒன்றுண்டு. நடையிலும் தோற்றத்திலும் அதற்கு யாதொரு குறையுமில்லை. வம்சாவளிப் பத்திரமும் இருந்தது. இரண்டாம் வயதில் அதனை இணை சேர்த்தோம்; ஓர் ஈற்றில் ஆறு குட்டிகள் பிறந்தன. அவற்றுள் ஒன்றை, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைச் சிற்றூரில் சாமை விளைத்து ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் காவலுக்கென்று பெற்றுச் சென்றார். பத்துத் திங்கள் கழித்து யாம் அங்குச் சென்றபோது, அந்நாய் பின்னங்கால் இரண்டையும் ஒருசேர வைத்து முயல்போல் தாவக் கண்டோம். ஆடுகள் மேட்டில் ஏறிவிட்டன. நாய் பாதி வழியில் அமர்ந்துவிட்டது. வேலூரில் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இது ஹிப் டிஸ்பிளாசியா என்னும் இடுப்பு மூட்டுக் குறை என்றும், தாயையும் சோதிக்க வேண்டும் என்றும் கூறினார். ஒருநாளும் நொண்டாத எம் நாயின் படத்திலும் அக்குறை தெளிவாகத் தெரிந்தது.

தொடையெலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துள் இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். கிண்ணம் ஆழமின்றியும் பிணைப்புத் தளர்ந்தும் இருப்பின், குட்டி வளர வளர மூட்டு உராய்ந்து குருத்தெலும்பு தேயும். பின்னர் நீங்காத வலி வரும். நாய்களில் இக்குறையை 1935ஆம் ஆண்டிலேயே ஷ்னெல்லே என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் எடுத்துரைத்தார். பல மரபணுக்கள் கூடி இதனை விளைக்கின்றன. குட்டிப் பருவத்தில் மிகையாக ஊட்டிக் கொழுக்க வைத்தல் இதனைக் கடுமையாக்குகிறது. பிறந்தவுடன் இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வளர்ந்த பின்னும் நடையைக் கண்டு மட்டும் துணிய இயலாது. ஆதலின் படமே சான்று.

மேல்நாட்டார் இதற்கு முறைகள் வகுத்துள்ளனர். பிரிட்டனில் ஓராண்டு நிரம்பிய நாயின் ஒவ்வோர் இடுப்பு மூட்டுக்கும் 0 முதல் 53 வரை எண் இடுகின்றனர். இரண்டும் கூடி 106க்கு மேற்படாது. எண் குறையுந்தோறும் மூட்டு நன்று. அமெரிக்காவில் 1966இல் தோன்றிய அமைப்பொன்று 24 திங்கள் நிரம்பிய நாய்களின் மூட்டை ஏழு தரமாகப் பகுக்கிறது. பென்ஹிப் என்னும் முறையிலோ 16 வாரக் குட்டியிலேயே மூட்டின் தளர்ச்சியை அளந்துவிடலாம்.

எனினும், படம் நன்றாயிருக்கும் பெற்றோர்க்கும் குறையுள்ள குட்டி பிறத்தல் கூடும். ஆகவே உடன்பிறந்தவற்றின் படங்களையும், முன் ஈற்றுக் குட்டிகளின் நிலையையும் சேர்த்தே நோக்க வேண்டும். நல்ல படத்தைச் சட்டமிட்டு மாட்டித் தீய படத்தைப் பெட்டியில் பூட்டுவோர், தம்மையன்றிப் பிறரையும் இருளில் நடத்துவோராவர்.

‘ஏழை நாட்டில் நாய்க்கு இத்துணை ஆடம்பரமா?’ என்பார் உளர். ஜாதிக் குட்டி ஒன்றின் விலையை நோக்கப் படத்தின் செலவு சிறிதே. ‘இஃது அந்நிய நாய்களின் கவலை’ என்பாரும் உளர். 2005ஆம் ஆண்டில் தபால்தலையில் இடம்பெற்ற நம் இராஜபாளையம் நாயை நோக்குக. நாம் போற்றும் அதன் வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வந்து சேர்கிறது. நிறத்தையும் தோற்றத்தையும் மட்டுமே கண்டு இணை சேர்ப்பின் எவ்வினமும் கெடும். தொகையிற் குறைந்த நாட்டினங்களில் சிறு குறையுள்ள அனைத்தையும் ஒதுக்கிவிடுதலும் தகாது. அங்கே இணையைத் தேர்தலில் இருமடங்கு கருத்து வேண்டும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் பெண்நாய்க்கு 18 திங்கள் நிரம்பவேண்டும் என்றும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்தன. சட்டம் வேலி மட்டுமே. பயிரைக் காப்பது உழவன் கண்.

படம் எடுத்த சில திங்களில், அழகிய ஆண்நாய் ஒன்றுடன் ஒருவர் எம் இல்லம் வந்தார். அவர் தரவிருந்த தொகை எம் கல்லூரிக் கட்டணத்துக்குப் போதுமானது. எந்தையார் படத்தை எடுத்துக் காட்டினார். “நன்றாகத்தானே நடக்கிறது, படத்தை யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் வந்தவர். அன்றிரவு யாம் சற்றுத் தடுமாறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாட் காலை எந்தையார் மறுத்துவிட்டார். பின்னர் எம் நாய்க்குக் கருத்தடை செய்வித்தோம்; குட்டி பெற்ற மற்றை ஐந்து இல்லங்களுக்கும் சென்று உண்மையைக் கூறினோம். ஓரிடத்தில் கதவு எம் முகத்தெதிரே சாத்தப்பட்டது. மலைமேற் பெரியவரிடம் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கூறினோம். “வளர்த்ததை அனுப்ப மனம் வரவில்லை, தம்பி. இனிமேல் கொடுப்பதைப் பார்த்துக் கொடு,” என்றார் அவர்.

நண்பர்காள்! நம்மில் பலர் நாளை குட்டி வாங்குவோராகவும் கொடுப்போராகவும் இருப்போம். வாங்குங்கால், வம்சாவளிப் பத்திரத்தோடு தாய் தந்தையரின் இடுப்புப் படத்தையும் கேட்போமாக. கொடுக்குங்கால், கேளாதவர்க்கும் காட்டுவோமாக. படத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்னும் வினாவுக்கு, ‘நாங்கள் கேட்போம்’ என்பதே நம் விடையாகுக.