இல்லாத பக்கத்துக்கு வரும் இணைப்புகள்



சிற்றிதழ், பள்ளி, சிறுதொழில் என்று சொந்தமாக இணையதளம் நடத்தும் வாசகர்கள் சிலர் ஒரே கவலையை எழுதியிருக்கிறார்கள். தங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தால், தங்கள் தளத்தில் ஒருநாளும் இருந்திராத பக்கங்களின் முகவரிகள் வரிசையாக நிற்கின்றனவாம். சூதாட்டம், மாத்திரை விற்பனை, போலிக் கைக்கடிகாரம்... முகம் தெரியாத தளங்கள் அந்த முகவரிகளுக்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன. ‘எங்கள் பெயர் கெட்டுவிடுமா? தேடலில் பின்னுக்குப் போய்விடுவோமா?’ என்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். இல்லாத பக்கத்தைக் கேட்டால் சர்வர் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் தேடுபொறி அந்தப் பக்கத்தைச் சேர்ப்பதில்லை. அதை நோக்கி வந்த இணைப்பும் கணக்கில் வராது. 404 இருப்பதால் மற்றப் பக்கங்களுக்குக் குறைவில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கம் உண்மையிலேயே இல்லையா என்று முதலில் பாருங்கள். ஹேக் செய்பவர்கள் உங்கள் கண்ணுக்கு 404 காட்டிவிட்டு, கூகுளுக்கு மட்டும் பக்கத்தைக் காட்டுவதுண்டு. ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் திருட்டுத்தனமாக உருவாக்கும் வகை ரொம்பப் பழக்கமானது. அதனால் உலாவியை மட்டும் நம்பாமல், சர்ச் கன்சோலிலேயே அந்த முகவரியைப் பரிசோதியுங்கள். ஹேக் என்று தெரிந்தால் பாஸ்வேர்டுகளை மாற்றி, வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதுப்பித்து, சர்ச் கன்சோலில் தெரியாத பெயரில் யாராவது உரிமையாளராக நுழைந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியும் ஒரு வாசல். சூதாட்ட விளம்பரத்தையே தேடல் சொல்லாக வைத்து இணைப்பு கொடுப்பார்கள். உங்கள் தளம் அதைத் தலைப்பாக எழுதிக் காட்டிவிடும். தேடல் முடிவுப் பக்கங்களைத் தேடுபொறி சேர்க்காதபடி ‘நோ இண்டெக்ஸ்’ போட்டுவிடுங்கள்.

அவசரத்தில் செய்யக்கூடாதவையும் உண்டு. இல்லாத பக்கங்களின் முகவரிகளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அதையும் பெரும்பாலும் 404 போலத்தான் எடுத்துக்கொள்ளும். தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுக்கவும் வேண்டாம். தடுத்துவிட்டால் உங்கள் சர்வர் சொல்லும் 404 பதிலைக் கூகுளால் படிக்கவே முடியாது.

‘நச்சு இணைப்புகளை நீக்கித் தருகிறோம்’ என்று மின்னஞ்சலில் மிரட்டிப் பணம் கேட்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம் வந்தபோது மோசமான இணைப்புகளால் தளங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது உண்மை. அதே ஆண்டு அக்டோபரில், இணைப்புகளை நிராகரிக்கும் ‘டிஸ்அவோ’ வசதியைக் கூகுள் கொடுத்தது. 2016 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகோ, பெங்குவின் அத்தகைய இணைப்புகளை மதிப்பிழக்கச் செய்துவிட்டுப் போகிறது. காசு கொடுத்து இணைப்பு வாங்காத தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு டிஸ்அவோவே தேவையில்லை. இல்லாத பக்கத்துக்கு வரும் இணைப்புக்கு அது அறவே தேவையில்லை.

அந்த நேரத்தை, உண்மையாக இருந்து காணாமல்போன பக்கங்களுக்குச் செலவிடுங்கள். தளத்தின் வடிவத்தை மாற்றும்போது பழைய கட்டுரைகளின் முகவரி மாறிவிடுகிறது. நம்பி இணைப்பு கொடுத்த மாணவரும் ஆய்வாளரும் வெறும் 404-ஐப் பார்த்துத் திரும்புகிறார்கள். நல்ல முகவரி மாறக்கூடாது என்று வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து அதே கட்டுரையின் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் கொடுத்துவிடுங்கள்.

நம் இதழின் பழைய கட்டுரை எதையாவது தேடிப்போய் ‘பக்கம் இல்லை’ என்று வந்தால், அந்த முகவரியை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சரிசெய்துவிட்டுப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்