சீட்டில் ஒன்று, உள்ளே ஒன்று

பத்தாவது எழுதி முடித்த மகளுக்கு லீவில் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கித் தரலாம் என்று உட்கார்ந்தேன். அரை நாள் போனதுதான் மிச்சம். ஆக்‌ஷன், அட்வென்சர், ஆர்பிஜி, இண்டீ என்று ஒரே கேமுக்கு நாலு சீட்டு. அடுத்ததற்கும் அதே நாலு. எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிற சீட்டை எதற்கு ஒட்டுகிறார்கள்?

போளூரில் எங்களுடையது ஆரணிக்குப் பட்டு நெய்து கொடுக்கிற வீடு. கோர்வை என்று சொன்னால் போதும்: மூன்று நாடா, கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், இரண்டையும் ஊடையிலேயே கோத்து நெய்தது. கை செய்த வேலை பேரிலேயே இருக்கிறது. 'செமி சில்க்' என்பதுதான் ஒன்றும் சொல்லாத பேர். கேம் சீட்டுகளில் முக்கால்வாசி அந்த ரகம்.

நல்ல பேரே வைக்கத் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 1993இல் 'டூம்' வந்தது. அதுபோல வந்ததையெல்லாம் கொஞ்ச காலம் 'டூம் குளோன்' என்றார்கள். பிறகுதான் 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' நிலைத்தது. சுடுகிறவன் கண் வழியாகவே பார்த்துச் சுடுவது. புரிகிறது. 'ரோக்லைக்' என்றால்? 1980இல் வந்த 'ரோக்' மாதிரியாம். அதை இங்கே யார் ஆடியிருக்கிறார்கள்? செத்தால் முதலிலிருந்து, ஒவ்வொரு தடவையும் வழி மாறும் என்று எழுதினால் ஆகாதா? எது ரோக்லைக், எது இல்லை என்று 2008இல் பெர்லினில் கூடிப் பஞ்சாயத்தே பண்ணியிருக்கிறார்கள். 'மெட்ராய்ட்வேனியா' என்று மகள் படித்ததும், "யாருக்கு மாத்திரை?" என்றார் என் அம்மா. இரண்டு பழைய கேம்களின் பேரை வெட்டி ஒட்டியதாம் அது.

சமையல் கேம் என்று போட்டிருந்த ஒன்றை ஒதுக்கப் பார்த்தேன். போனில் வருகிற மாதிரி, கடிகாரம் ஓட ஓட பர்கர் அடுக்குவதுதானே என்று. அது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கதையின் நாயகிக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் நோட்டில் வரிகள் அழிந்துபோயிருக்கும்; யோசித்து யோசித்து இட்லி அவிக்க வேண்டும். அவசரமே கிடையாது. 2024இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. மாத்திரை என்று கேட்ட அம்மாதான் மகள் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னார்.

கேம் விற்கிற ஐயாமார்களே, நெட் வேண்டுமா, நடுவில் காசு கேட்குமா, சாப்பிடக் கூப்பிட்டால் நிறுத்திவிட்டு வர முடியுமா? இந்த மூன்றையும் சீட்டில் எழுதுங்கள்.