வல்லாரை எங்கே பறித்தது?

ஈப்போ காலைச் சந்தையில் யாரும் வல்லாரை என்று கேட்பதில்லை. "பெகாகா இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். மலாய்க்காரர் வீட்டில் அது சம்பாலோடு உலாம். நம் வீட்டில் துவையல். இன்று காசு கொடுத்து வாங்கும் இந்தக் கீரை, பால்மரத் தோட்டங்களில் கேட்பாரற்றுக் கிடந்தது.

வல்லாரைக்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் போதும். லயத்துக் குழாயடி, வடிகால் ஓரம், ஒற்றையடிப் பாதை எல்லாம் அதற்குத் தோதான இடங்கள். நிமிர்ந்து வளராது, தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். புல் வெட்டும் கத்தி அதன் தலைக்கு மேலே போய்விடும். சுற்றிலும் புல் உயர்ந்தால்தான் அதற்கு மூச்சு முட்டும். அதனால்தான் ஆள் புழங்கும் இடத்தில் செழிக்கிறது.

ஆனால் தோட்டத்தில் களைக்கு மருந்தும் அடித்தார்கள். முதுகில் பம்பு சுமந்து அந்த வேலையைச் செய்தவர்களில் பலர் நம் பெண்கள். அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட், 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. என் பாட்டியும் மருந்தடித்தவர். எந்த நிரையில் அடித்தார்கள், எதை விட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பச்சைப் பசேலென்று இருந்தாலும் சில இடங்களைத் தாண்டித்தான் போவார்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல, செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. தாமான் சாக்கடை ஓரத்தில் வல்லாரையைப் பார்த்ததும் நமக்குக் கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். மண்ணிலுள்ள ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலசினாலும் அவை போகாது. பரபரப்பான சாலையோரமும் பழைய சுரங்க நிலமும் கீரை பறிக்கும் இடங்கள் அல்ல. நாம் வாழும் கிந்தா பள்ளத்தாக்கோ வெள்ளீயம் தோண்டிய பூமி.

அதற்காக வல்லாரையை விட்டுவிட வேண்டாம். வேர்விட்ட இரண்டு கணுக்களோடு ஒரு கொடியை எடுத்து, மண்ணை நன்றாக அலசுங்கள். பழைய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய நல்ல மண்ணில் நடுங்கள். தொட்டி பாதி நிழலில் இருக்கட்டும். ஈரம் காயக் கூடாது. புதிதாகத் துளிர்ப்பதைப் பறித்துச் சமையுங்கள்.

நடும்போது வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தோட்டத்தில் எங்கே பறித்தீர்கள், எங்கே பறிக்கவில்லை என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும்.