எளிய நிரல்களும் ஆய்வின் நம்பகமும்

வேளாண்மை, மருத்துவம், வானிலை, பொருளியல் என எத்துறையிலும் கணினியின் துணையின்றி ஓர் ஆய்வை முடிப்பது இன்று அரிது. அந்தக் கணினிக்கு ஆணையிடும் நிரல்களைப் பெரும்பாலும் எழுதுவோர் தொழில்முறை நிரலாளர்கள் அல்லர், ஆய்வாளர்களேதான். செடியைப் பற்றியோ செல்லைப் பற்றியோ ஆண்டுக்கணக்கில் கற்ற அவர்கள், நிரல் எழுதுவதை மட்டும் தேவைக்கேற்பத் தாமாகவே கற்றுக்கொண்டவர்கள்.

அவர்களுக்கென எளிய கருவிகளை உருவாக்கும் முயற்சி புதிதன்று. 1957-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணிதச் சூத்திரங்களை ஏறத்தாழ அவற்றின் வடிவிலேயே கணினியிடம் அளிக்க வழிவகுத்தது. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும், அறிவியல் பயிலாத மாணவர்களும் கையாளக்கூடிய பேசிக் மொழியை உருவாக்கினர். பின்னர் வந்த பைத்தான், ஆர் ஆகிய மொழிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போதோ, தேவையைச் சொன்னாலே செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நிரலை எழுதித் தந்துவிடுகின்றன.

இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. வசதி குறைந்த கல்லூரியின் ஆய்வு மாணவரும் பெரிய ஆய்வகங்களில் உள்ள அதே கருவியைப் பயன்படுத்த முடிகிறது. ஆனால், நிரலை எழுதுவது எளிதான அளவுக்கு, அது சரியானதா என்று அறிவது எளிதாகவில்லை.

அமெரிக்க அறிவியலாளர் ஜெஃப்ரி சாங்கின் அனுபவம் இதற்குச் சான்று. செல்லில் இருந்து மருந்து போன்ற பொருள்களை வெளியேற்றும் புரதக் குடும்பம் ஒன்றின் கட்டமைப்பைக் கண்டறிந்ததாக 2001-இல் அவரது குழு அறிவித்தது. 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புரதத்தின் கட்டமைப்பை வெளியிட்டபோது, இரண்டும் பொருந்தவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், ஆய்வகத்தில் பயன்படுத்திய சிறிய நிரல் ஒன்று தரவின் இரு நிரல்வரிசைகளை இடம் மாற்றியிருந்தது தெரியவந்தது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள், மாறான சான்றுகளை வைத்திருந்த பிறர் தங்கள் முடிவுகளை ஏற்கச் செய்ய முடியாமல் அல்லாடினர்.

நிரலே எழுதாமல் எக்செல் அட்டவணையை மட்டும் நம்புவோருக்கும் இதே இடர் உண்டு. 'மார்ச் 1', 'செப்ட் 2' எனச் சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடுகிறது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இறுதியில், மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

இவற்றில் எவரும் ஏமாற்ற முயலவில்லை. இயங்காமல் நின்றுவிடும் நிரல் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். தவறான விடையை ஓசையின்றித் தரும் நிரலே ஆபத்தானது. ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் கட்டுரையைப் படிக்கிறார்களே தவிர, அதன் பின்னுள்ள நிரலைப் பார்ப்பதில்லை. தான் எழுதாத, முழுதும் புரிந்துகொள்ளாத நிரலைச் செயற்கை நுண்ணறிவிடமிருந்து பெற்று ஓட்டும் காலத்தில் இந்த இடர் இன்னும் பெருகும்.

தீர்வுக்குப் பெரும் செலவு தேவையில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சிறு கணக்கை முதலில் நிரலிடம் கொடுத்துச் சோதிப்பது, மூலத் தரவைத் திருத்தாமல் தனியே பாதுகாப்பது, ஒவ்வொரு படிநிலையையும் பதிவு செய்வது, கட்டுரையுடன் நிரலையும் வெளியிடுவது ஆகிய பழக்கங்களே போதும். இவற்றை ஆய்வாளர்களுக்குக் கற்பிக்க 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' என்ற பயிற்சித் திட்டம் 1998-லேயே அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இங்கு மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழிலும் வழங்குகிறது.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கட்டாயமாக்கியது. கருத்துத் திருட்டைத் தவிர்க்கக் கற்பிப்பதுபோல, நிரலைச் சோதிக்கவும் அப்பாடத்தில் கற்பிக்க வேண்டும். நெறியாளர்களும் முடிவைக் கேட்பதோடு நில்லாமல், நிரலையும் காட்டச் சொல்ல வேண்டும்.

தராசைச் சரிபார்க்காமல் எடையைக் குறித்துக்கொள்ளும் ஆய்வகம் எதுவும் மதிக்கப்படுவதில்லை. நிரலும் ஒரு தராசுதான் என்பதை நம் ஆய்வுலகம் ஏற்க வேண்டிய நேரம் இது.