ஐந்து நாள் இண்டர்வியூ!

இண்டர்வியூ என்றால் என்ன?

ஓர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இருபது நிமிஷம் கேள்வி. பிறகு, "நீங்கள் போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிந்த இண்டர்வியூ இதுதான்.

ஐந்து நாள் நடக்கிற இண்டர்வியூ ஒன்று இருக்கிறது. போகிறவர் அங்கேயே தங்க வேண்டும். அங்கேயே சாப்பிட வேண்டும். எழுத வேண்டும். பேச வேண்டும். ஓட வேண்டும். சுவர் ஏறிக் குதிக்கவும் வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் தெரியும்படி ஒரு நம்பரை மாட்டிவிடுவார்கள். ஐந்து நாளும் அந்த நம்பர்தான் பெயர்!

ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் அதிகாரியாகச் சேர விரும்புகிறவர்களுக்கு நடக்கும் தேர்வு அது. "எஸ்.எஸ்.பி." என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்கள். எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களுக்கு அழைப்பு வரும். பெங்களூர், போபால், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் ராணுவத்தின் தேர்வு மையங்கள் இருக்கின்றன. விமானப்படையின் மையம் ஒன்று மைசூரில் இருக்கிறது.

அழைப்பு வந்த வீட்டில் ஒரே மகிழ்ச்சி. அடுத்த நிமிஷமே பயம்.

"ஐந்து நாளா? அப்படி என்னப்பா கேட்பார்கள்?" என்று அம்மா கேட்பார்.

பிள்ளைக்குத் தெரியாது. பயிற்சி நிலையத்துக்கு ஓடுகிறான். அங்கே சில இடங்களில் விடையையே விற்கிறார்கள். இந்தப் படத்தைக் காட்டினால் இந்தக் கதை எழுது, இந்தக் கேள்விக்கு இப்படிச் சிரி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

செலவு வீண் என்பது மட்டும் அல்ல. அந்த மனப்பாடம்தான் பிள்ளையைக் கவிழ்க்கிறது.

ஏன் ஐந்து நாள்?

இரண்டாம் உலகப்போர் 1939-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் புது அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். சிறிது நேரம் பேசிப் பார்த்து ஆள் எடுத்தார்கள். எந்தப் பள்ளியில் படித்தாய், உன் அப்பா யார், என்ன விளையாட்டு ஆடுவாய் என்று கேட்டார்கள். நடையும் உடையும் பேச்சும் சரியாக இருந்தால் ஆள் சரி என்று நினைத்தார்கள்.

அப்படி எடுத்தவர்களில் பலர், பயிற்சியிலேயே தேறாமல் திரும்பினார்கள். மிடுக்காகப் பேசியவருக்குப் பத்து பேரை நடத்திச் செல்லத் தெரியவில்லை.

எனவே 1942-ல் முறையை மாற்றினார்கள். மனநூல் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் தங்க வைத்துப் பார்க்கும் தேர்வைக் கொண்டு வந்தார்கள். ஜெர்மன் ராணுவம் அதற்கு முன்பே இப்படிச் செய்து வந்தது. 1943-ல் அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. டேராடூனில் முதல் குழு அமைந்தது. வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த முறை போகவில்லை.

போகாததும் நல்லதுதான். இருபது நிமிஷ இண்டர்வியூவில் கோட்டும் டையும் பாதி வேலையைச் செய்துவிடும். பெரிய பள்ளியில் படித்த பையனின் இங்கிலீஷ் மீதி வேலையைச் செய்துவிடும். ஐந்து நாள் இண்டர்வியூவில் அது நடக்காது. இரண்டாம் நாளே கோட்டு கழன்றுவிடும்!

ஏழை வீட்டுப் பிள்ளை இந்த ஐந்து நாளைக் கண்டு பயப்படுகிறான். அவனுக்கு இதைவிட நியாயமான இண்டர்வியூ கிடைப்பது அரிது.

பதினைந்து விநாடி

முதல் நாள் சல்லடை. அறிவுக் கணக்குகள் கொடுப்பார்கள். ஒரு படத்தை 30 விநாடி காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு கூட்டமாக உட்கார்ந்து அந்தக் கதையைப் பேச வேண்டும். தேறாதவர்கள் அன்றைக்கே ரயில் ஏற வேண்டியதுதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் போய்விடுவதும் உண்டு.

மிஞ்சியவர்களுக்கு மறுநாள் மனோதத்துவப் பரீட்சை. பன்னிரண்டு கதை எழுத வேண்டும். பதினோரு படம் காட்டுவார்கள். பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை! ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷம்தான். அது முடிந்ததும் 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். மனத்தில் பட்டதை வாக்கியமாக எழுத வேண்டும். ஒரு சொல்லுக்குப் பதினைந்து விநாடி.

பதினைந்து விநாடியில் பொய் ஜோடிக்க முடியாது. அதற்காகத்தான் பதினைந்து விநாடி!

மனப்பாடம் செய்தவன் இங்கேதான் அகப்படுகிறான். அவன் எழுதும் கதையில், வெள்ளத்தில் சிக்கிய கிராமத்தை ஒரு வாலிபன் காப்பாற்றுவான். அதே கதையை அதே பயிற்சி நிலையத்தில் படித்த இன்னும் பத்து பேர் எழுதியிருப்பார்கள். திருத்துகிறவருக்குக் கொட்டாவி வரும்.

அடுத்து, 60 சங்கடமான நிலைமைகள். 30 நிமிஷத்தில் பதில் எழுத வேண்டும். "பரீட்சைக்குப் போகும் வழியில் பஸ் நின்றுவிட்டது. என்ன செய்வாய்?" என்பதுபோலக் கேள்வி இருக்கும். வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் வளர்ந்த பிள்ளை யோசித்துக்கொண்டே இருப்பான். தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சீட்டு எழுதி, மருந்து வாங்கி, இரவெல்லாம் கண் விழித்த பிள்ளைக்கு யோசனையே வேண்டாம். "வருகிற லாரியை நிறுத்தி ஏறிப் போவேன்" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான்.

ரேஷன் கடை வரிசை, தங்கையின் பள்ளிக்கூடக் காரியம், ஊர்த் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, தெருவுக்குத் தண்ணீர் வராதபோது பஞ்சாயத்து ஆபீசில் போய்ப் பேசியது, இவையெல்லாம் இந்த இண்டர்வியூவுக்குப் பயிற்சி. "நீ படி, வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பிள்ளையை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாத தாய்மார்கள், பாசத்தினால் ஒரு தவறு செய்கிறார்கள்.

பலகையும் கயிறும்

மூன்றாம், நாலாம் நாட்கள் மைதானத்தில். ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுப்பார்கள். தரையில் கால் படாமல் கூட்டமாகத் தடைகளைத் தாண்ட வேண்டும். பாரத்தையும் தூக்கிப் போக வேண்டும். ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்பார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

உரக்கக் கத்துகிறவன்தான் தலைவன் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் கத்திக்கொண்டே இருப்பான். பலகை இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் ஒருவன், "அண்ணா, நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள். நான் தாண்டுகிறேன்" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவான். நோட்டில் எந்த நம்பர் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தனியாகத் தாண்டப் பத்துத் தடைகள் உண்டு. மூன்று நிமிஷம்தான். விடியற்காலையில் தினமும் ஓடிப் பழகாதவனுக்கு மூச்சு வாங்கும். இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. மூன்று மாதமாவது ஓட வேண்டும்.

ஒரு நாள் அதிகாரியின் அறைக்குக் கூப்பிடுவார்கள். சாதாரண இண்டர்வியூ போன்றது இது ஒன்றுதான். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடும். முன்பே பாரம் ஒன்றை எழுதி வாங்கியிருப்பார்கள். அப்பாவின் தொழில், வருமானம், பெற்ற மார்க்கு, ஆடிய விளையாட்டு எல்லாம் அதில் இருக்கும். எட்டுப் பத்துக் கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்குவார். எது மறந்தாலும், "மன்னிக்க வேண்டும் சார், அந்தக் கேள்வி மறந்துவிட்டது" என்று சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

அப்பா மூட்டை தூக்குகிறார் என்று எழுதச் சில பிள்ளைகள் கூசுகிறார்கள். "வியாபாரம்" என்று எழுதிவிடுகிறார்கள். என்ன வியாபாரம், எங்கே கடை என்று அதிகாரி கேட்பார். அதோடு கதை முடிந்தது! உள்ளபடி எழுதியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூட்டை தூக்குகிறவர் மகன் எழுத்துப் பரீட்சை எழுதி அந்த அறை வரை வந்ததே அவனுக்குப் பெருமைதான்.

இங்கிலீஷ் பயம் வேறு. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும். தினமும் அரை மணி நேரம் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்து, படித்ததை ஒரு நண்பனிடம் சொந்த வாக்கியத்தில் சொல்லிப் பழகலாம். இதற்குப் பணம் வேண்டாம்.

மனம், மொழி, மெய் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மூன்றையும் இங்கே மூன்று பேர் தனித்தனியே பார்க்கிறார்கள். எழுதியதை ஒருவர், பேசியதை ஒருவர், மைதானத்தில் செய்ததை ஒருவர். கடைசி நாள்வரை அவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசுவதில்லை. மூன்று பேரும் கண்டது ஒரே ஆள்தானா என்பதுதான் கேள்வி.

நம்பர் வாசிக்கும் நேரம்

ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் யூனிபாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஓரிரு நிமிஷம் பேசுவார்கள். அன்றைக்கே முடிவு. எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, தேறிய நம்பர்களை வாசிப்பார்கள். சில கூட்டத்தில் நாலைந்து நம்பர். சில கூட்டத்தில் ஒரு நம்பர்கூட இல்லை!

தேறியவர் வைத்தியப் பரிசோதனைக்குத் தங்குவார். அதன் பிறகு தரவரிசைப் பட்டியலிலும் பெயர் வர வேண்டும். வந்தால், சென்னைப் பரங்கிமலைக்கே பயிற்சிக்கு வரலாம். 1963 முதல் அங்கே அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். புனே அருகே உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022-ல்தான் பெண்களைச் சேர்த்தார்கள். 2025 மே மாதம் 17 பெண்கள் அங்கே முதல்முதலாகப் பயிற்சியை முடித்து வெளியே வந்தார்கள். அவர்களும் இந்தப் பலகையையும் கயிற்றையும் தாண்டியவர்களே. எனவே, "பெண்ணை ஐந்து நாள் எப்படி வெளியூர் அனுப்புவது?" என்று கேட்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்பர் வாசிக்கப்படாதவர் வீட்டுக்கு வருகிறார். ஏன் எடுக்கவில்லை என்று அங்கே காரணம் சொல்வதில்லை. தெருவில் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் வீடும் சேர்ந்து கேட்டால் பிள்ளை எங்கே போவான்? வயது இருக்கும்வரை மறுபடியும் எழுதலாம், மறுபடியும் போகலாம். இரண்டு, மூன்று தடவை திரும்பி வந்து, பிறகு தேறி, இன்று அதிகாரியாக இருப்பவர்கள் நிறைய.

ஒரு விஷயம். தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். அந்த வகைத் தேர்வுக்கு முதல் தடவை போகிறவருக்கு ரயில் கட்டணமும் திருப்பிக் கொடுக்கிறார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை போனால் கைப்பணம்தான். பயிற்சி நிலையத்துக்குக் கட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தில் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம். வளையல் வீட்டிலேயே இருக்கும்.