பேச்சு வராத பிள்ளைக்கும் சொல்ல இருக்கிறது



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நான் சந்திக்கும் தாய்மார் பலர், கை கால் இறுகிப் பாயில் கிடக்கும் பிள்ளையைக் காட்டி, "இவனுக்கு ஒன்னும் வெளங்காதுங்க" என்கிறார்கள். இம்மாதம் அந்த வார்த்தையைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பே மூளைவாதம். வைத்தியசாலையில் 'செரிபிரல் பால்சி' என்பார்கள். அது தொற்று நோயல்ல. தாய் செய்த பாவமும் அல்ல. மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராததால் கை, காலைப் போலவே நாக்கும் உதடும் சொன்னபடி அசைவதில்லை. இப்பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. ஆனால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறையே இல்லை. குறை உள்ள பிள்ளைக்கும் பசி, வலி, பயம், விருப்பம் உண்டு. பேச்சு வராதது வேறு, விளங்காதது வேறு.

இதைப் பிரித்தறியாவிட்டால் என்ன நடக்கும்? அம்மா விடியற்காலையில் பால் வெட்டவோ கொழுந்து பறிக்கவோ போய்விடுகிறாள். பிள்ளை பாட்டியிடமோ பக்கத்துக் காம்பராவிலோ இருக்கிறது. வயிறு வலித்தாலும் அழுகை, தாகம் எடுத்தாலும் அழுகை, யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும் அதே அழுகை. விசேட தேவையுடைய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளை விட 3.7 மடங்கு வன்முறைக்கு உள்ளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு கூறியது. 1977, 1981, 1983 வன்செயல்களில் இங்கிருந்து வன்னிக்கு ஓடி, அங்கும் போரில் அகப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நடந்ததைச் சொல்ல வழியில்லாத பாரம் எத்தகையது என்பதை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாயால் பேச முடியாவிட்டால் படத்தால் பேசலாம். சார்ள்ஸ் பிளிஸ் என்பவரும் போரால் அலைக்கழிந்தவர்தான். நாசிகளின் வதைமுகாம்களில் இருந்து விடுதலையாகிப் பின்னர் ஷாங்காய் சென்ற அவர், சீன எழுத்துகளைப் பார்த்து, எம்மொழியினருக்கும் பொதுவான குறியீடுகளை உருவாக்கி 1949 இல் நூலாக வெளியிட்டார். 1971 இல் கனடாவின் ரொறன்ரோவில் ஆசிரியர்கள் அவற்றைப் பலகையில் வரைந்து, பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினார்கள்.

தமிழ் மண்ணிலும் இது நடந்திருக்கிறது. சென்னையில் 1985 இல் தொடங்கப்பட்ட 'வித்யாசாகர்' நிறுவனத்தின் பிள்ளைகளோடு பழகிய பொறியியலாளர் அஜித் நாராயணன், 'அவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய படம் வரும்போது பிள்ளை தலையாலோ காலாலோ ஒரு பொத்தானைத் தட்டினால் கருவி அதைச் சொல்லும். பின்னர் அது டெப்லட்டில் இயங்கும் செயலியாகவும் வந்தது.

கருவி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே தொடங்கலாம்.

முதலில் பிள்ளையைச் சாய்வாக அல்ல, இடுப்புக்கும் பாதத்துக்கும் தாங்கல் கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். பிறகு 'ஆம்' என்பதற்கு ஒரு அசைவைக் கண்டுபிடியுங்கள். கண்ணை உயர்த்துவதாகவும் இருக்கலாம், புன்னகையாகவும் இருக்கலாம். "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு, மனதில் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். இப்பிள்ளைகளுக்குப் பதில் மெதுவாகவே வரும்.

அடுத்து, ஒரு கார்ட்போட் மட்டையின் நான்கு மூலைகளிலும் சோறு, தண்ணீர், வலி, 'வேணாம்' ஆகிய படங்களை ஒட்டுங்கள். கை நீட்ட முடியாத பிள்ளை எந்த மூலையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் பேசும்போதும் அதே படத்தைத் தொட்டுக்காட்டிப் பேசுங்கள். பழகியதும் உடல் உறுப்புகள், வீட்டு ஆட்கள், 'அடிச்சாங்க', 'பயமா இருக்கு' என்பவற்றையும் சேருங்கள். படத்தின் கீழே தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அப்போது வாட்டில் இருக்கும் சிங்களத் தாதிக்கும் உங்கள் பிள்ளை சொல்வது விளங்கும்.

படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்றும், சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

கிளினிக் போகும்போது பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி வைத்தியரிடம் கேளுங்கள். மட்டையையும் கொண்டு போங்கள். இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சமவாயம் இவ்வகைத் தொடர்பாடலையும் அங்கீகரிக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள். மட்டையை வெட்டி ஒட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.