முன்பதிவு என்னும் மூடநம்பிக்கை

கையில் காசு குறைவா, முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு. பயணச் செலவைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் முதலில் வருவது இந்த அறிவுரைதான். கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊர் ரயில்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொய்.

விமானத்துக்கு இது பொருந்தும். அங்கே இருக்கை குறையக் குறைய விலை ஏறும். 2016 செப்டம்பரில் ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களுக்கும் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் நெல்லை, பாண்டியன் போன்ற வண்டிகளின் சாதாரண ஒதுக்கீட்டில், ஸ்லீப்பர் டிக்கெட்டை அறுபது நாளுக்கு முன்னால் எடுத்தாலும் முந்தின நாள் எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். முன்பதிவில் கிடைப்பது இடம், தள்ளுபடி அல்ல. முந்தியவருக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. பிந்தியவர்தான் தட்கலுக்கோ ஆம்னி பஸ்ஸுக்கோ கூடுதலாக அழுகிறார்.

அப்படியானால் முந்திக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். யாரால் முந்த முடியும்?

தி.நகர் ரங்கநாதன் தெருவில், தீபாவளிக்கு முந்தின இரவு வரை புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் தென்மாவட்டத்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே புதுத்துணி வாங்கி முடித்து, கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அவளுக்குப் பண்டிகை. எப்போது விடுவார்கள், எத்தனை நாள் லீவு என்பது முதலாளி சொல்லும்போதுதான் தெரியும். சனிக்கிழமை கூலி கைக்கு வந்த பிறகே ஊருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சித்தாளுக்கும் இதே கதிதான். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாள். காலை எட்டு மணிக்குத் திறக்கும் பண்டிகை நாள் ஒதுக்கீடு சில நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. அந்த எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார நிலையான வேலை வேண்டும், உறுதியான தேதி வேண்டும், இரண்டு மாதம் முடங்கினாலும் பரவாயில்லை என்கிற பணமும் வேண்டும். இந்த மூன்றும் உள்ளவருக்குச் சிக்கனப் பாடம் எதற்கு?

துணிந்து போட்டவர் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். லீவு மாறினால் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பிடித்தம். உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஆன்லைனில் எடுத்தது வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டால் அதுவாகவே ரத்தாகும். பயணம் போகாமலே அதற்கும் பிடித்தம் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு இது சில்லறைக் காசு இல்லை.

செலவை உண்மையில் குறைப்பவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வைகை, பல்லவன் போன்ற பகல் வண்டிகளில் இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு ஸ்லீப்பரைவிட மிகக் குறைந்த கட்டணம். தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்தியோதயா முழுக்கவே முன்பதிவில்லாப் பெட்டிகள். ஒரே சுற்றில் பல ஊர் பார்க்க நினைப்பவருக்குச் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று ரயில்வேயில் இருக்கிறது: புறப்பட்ட நிலையத்திலேயே முடிய வேண்டும், வழியில் எட்டு இடம் வரை இறங்கலாம், தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் சலுகையும் சேரும். (பெரிய நிலையங்களில் விசாரித்துப் பாருங்கள், கேட்கிற ஆள் குறைவு.) ஆனால் இவற்றுக்கும் விலை உண்டு. பகல் வண்டி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. முன்பதிவில்லாப் பெட்டியில் இடுப்பு போச்சு. பஸ் மலிவென்று வடசென்னையிலிருந்து குழந்தை குட்டியோடு ராத்திரியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போக ஆட்டோ பிடித்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஆட்டோவுக்கே போய்விடும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்காமல் 'திட்டமிடத் தெரியவில்லை' என்று ஏழையைக் குறை சொல்வது எளிது.

இந்த அறிவுரையின் மோசமான பக்கம் அதுதான். கட்டணத்தைத் தீர்மானிப்பவர்களை விட்டுவிட்டுப் பயணியின் சாமர்த்தியத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. 2020 மார்ச் வரை 60 வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளையும் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி ஓட்டியதில், பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ஆனது. பழைய நிலைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தில் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் காய் கொண்டுபோன கிழவி எத்தனை நாள் முன்னால் திட்டமிட்டிருந்தாலும் அந்த இருபது ரூபாயைத் தவிர்த்திருக்க முடியாது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு ஒரு கையெழுத்துப் போட்டது. எந்தப் பெண்ணும் எதையும் திட்டமிடாமலே மாதச் செலவு குறைந்தது.

ஆகவே, இனி யாராவது உங்களிடம் 'முன்னாடியே புக் பண்ணியிருக்கலாமே' என்றால், மூத்தோர் சலுகை எங்கே, முன்பதிவில்லாப் பெட்டிகள் ஏன் இவ்வளவு குறைவு என்று திருப்பிக் கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கேளுங்கள்.